உணவறைக் குயில்

"அடுத்த வாரமும் குயிலே வாசிக்கட்டும்" என்றார் மடத்துத் தலைவர். யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பெனடிக்ட் சபைத் துறவிகள் சாப்பிடும்போது பேசுவதில்லை. ஒருவர் மேடையில் நின்று புனிதர் வரலாறு வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். வாரத்துக்கு ஒருவர் முறை. வாசிப்பவர் கடைசியில் சாப்பிடுவார்.

குயில் இளம் துறவி. குரலுக்காக வைத்த பட்டப்பெயர். பள்ளிக்கூட நாளில் அவனுக்கு நிறுத்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் வாத்தியார் சாமி. குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து பள்ளிக்கூடமே கதி என்று இருந்தவர். வெளியூர்க் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு இப்போதுதான் மடத்துக்குத் திரும்பியிருந்தார். தொடக்கத்தில் மேடைக் குரலைப் பெருமையோடு கேட்டார். வாரம் மாறியும் குரல் மாறாதபோது பெருமை கசந்தது. தாழ்மையைப் பற்றி அவன் வாசிக்க, கீழே வாய்கள் சூப்பை உறிஞ்சின. ஒருவர் தாடியில் ரொட்டித் துணுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் சமையலறைக்குள் போனார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்து குயில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மேசை காலியாத்தானே கிடக்கு?"

"தொடச்ச மேசை மறுபடி அழுக்காகுமாம் சாமி" என்றாள் சமையல்கார அம்மா, சட்டியைத் தேய்த்தபடியே. "அழுக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். யாரு என்னைக் கேக்குறா."

"எப்பலேர்ந்து உன் முறை?"

"வந்ததுலேர்ந்து என் முறைதான். மத்தவங்களுக்குக் குரல் சரியில்லையாம்." குயில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அடுத்த மாசம் நித்திய வார்த்தைப்பாடு சாமி. சாகுற வரைக்கும் இவங்கதான் என் குடும்பம்னு சொல்லணும். கூட உக்காந்து சாப்பிடாத குடும்பத்துக்கு எப்படிச் சொல்றது? இப்படியே இருந்தா வீட்டுக்குப் போயிடுவேன்."

வாத்தியார் சாமி போனபோது தலைவர் தன் அறையில் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

"நல்ல குரல் வாத்தியாரே. கடவுள் குடுத்தது."

"உக்கார ஒரு நாற்காலியும் குடுத்திருப்பாரே. அது எங்க?"

தலைவர் குச்சியின் நுனியைப் பார்த்தார். "பெரியவங்க சில பேருக்கு மனசு ஒப்பல. அவங்கப்பா கக்கூஸ் தொட்டி அள்ளுறவரு. சாப்பிடுற நேரத்துல அது ஞாபகம் வருதாம்."

"காலைப் பூசையில பீடத்துல அவன் எடுத்துக் குடுக்குற கிண்ணத்துலதானே குடிக்கிறோம்?"

"பீடம் வேற, சாப்பாடு வேற. படிச்சவரு, உங்களுக்கா சொல்லணும்? அவன் மனசு நோகக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. புகழ்ந்துதானே வெச்சிருக்கோம்?"

வாத்தியார் சாமி எழுந்தார். நேரே குயிலிடம் போய், தலைவர் சொன்னதை ஒரு சொல் மறைக்காமல் சொன்னார்.

"தெரியும் சாமி. யாராவது வாயால சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன்."

"நாளைக்கு நான் வாசிக்கட்டுமா?"

"கேட்டா விட மாட்டாங்க. கேக்காம ஏறிடுங்க."

மறுநாள் மதியம் குயில் மேடை ஏறவில்லை. மடத்தில் சேர்ந்த வரிசைப்படி அவனுக்கு உரிய நாற்காலியில் ரொட்டிக் கூடை இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"என்ன பிரதர்?" என்றார் தலைவர்.

"தொண்டை கட்டிடுச்சு." கணீரென்ற குரல் பின்சுவரைத் தொட்டுத் திரும்பியது.

அதற்குள் வாத்தியார் சாமி மேடையில் புத்தகத்தை விரித்திருந்தார். வாசிக்கத் தொடங்கினார். குயிலுக்கு வலப்பக்கம் இருந்தவர் மடத்தின் பாட்டு ஆசிரியர். அவன் குரலை எல்லாரையும்விட அதிகமாகப் புகழ்ந்தவர். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். இடப்பக்கத்துக் கிழவர் நாற்காலியை நகர்த்தினார். கரண்டிகள் நின்றன.

குயில் முதல் வாய் வைப்பதற்குள் தலைவர் மணியை அடித்தார். மணி அடித்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் வாசிப்பவர் புத்தகத்தை மூடும்வரை யாரும் எழக் கூடாது. அதுவும் மடத்துச் சட்டம்தான். அதைக் கட்டிக்காத்தவர்கள் இவர்களேதான். பாதி எழுந்த கிழவர் திரும்ப உட்கார்ந்தார். தலைவர் இன்னொரு முறை மணியை அடித்தார்.

வாத்தியார் சாமி நிமிரவில்லை. நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கைக்குட்டைக்கு மேலே இரண்டு கண்கள் அவரை முறைத்தன. குயில் ரொட்டியைப் பிட்டு, சூப்பில் தோய்த்து, அவசரமில்லாமல் மென்றான். தட்டில் இன்னும் நிறைய இருந்தது.

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.