உறையாத ஆழம்

ஆகஸ்ட் மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை ஸ்ரீதரன் தோட்டத்தில் முதலாவது குழியை வெட்டத் தொடங்கினான். மனைவி சிவகாமி வீட்டில் இல்லை. ஏப்ரல் கடைசியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து பராமரிப்பு நிலையத்துக்குப் போய், இன்னும் அங்கே நடை பழகிக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் கொங்கிரீட் இறுகிவிட வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அதனால் அவன் கேட்கவில்லை.

ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து ஸ்டோவ்னரில் இந்த வரிசைவீட்டில் குடியேறிய நாளிலிருந்து அவள் சுவரில் ஓர் ஆணி அடிக்க விட்டதில்லை. சாமிப் படங்களும் அவளுடைய தம்பியின் குடும்பப் படமும் அலுமாரியின் மேல் சுவரோடு சாய்ந்து நின்றன. தெல்லிப்பழையில் அவளுக்குச் சீதனமாக வந்த வீடு இராணுவ வேலிக்குள் கிடந்தது. சண்டை முடிந்தால் வேலியைத் திறப்பார்கள், திறந்ததும் போய்விடலாம் என்பது அவள் எண்ணம். போகப் போகிறவர்களுக்கு ஆணி எதற்கு? தோட்டத்தில் ஒரு திராட்சைக் கொடி வைப்போமா என்று அவன் ஒருமுறை கேட்டபோது, "அது காய்க்கிறதுக்கிடையிலை நாங்கள் அங்கை நிப்பம்" என்றாள். தோட்டத்துப் பந்தலில் அவரைக்கொடி மட்டும் படர்ந்தது. ஒவ்வொரு வருடமும் முதல் உறைபனியில் கருகிச் சாகும் கொடி.

அந்தப் பந்தலையும் அவள் சொற்படிதான் போட்டிருந்தான். கூரான இரும்பு முளைகளை நிலத்தில் அடித்து, அவற்றில் மரத்தூண்களைச் செருகி முடுக்கினான். நினைத்த நேரம் பிடுங்கிவிடலாம். அதன் கீழே உட்கார ஒரு மர வாங்கு. பள்ளிக்கூடத் தரைகளைத் துடைத்துத் துடைத்துச் சிவகாமியின் முழங்கால்கள் தேய்ந்து போயிருந்தன. வாங்கிலிருந்து எழும்ப அவளுக்கு ஏதாவது பிடி வேண்டும். விழுந்த அன்றும் வழமைபோலத் தூணைப் பிடித்தாள். தூண் முளையோடு கழன்று அவளோடு சேர்ந்து விழுந்தது.

பக்கத்து வீட்டு அருளானந்தன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். கட்டட வேலை செய்பவன்.

"என்ன ஸ்ரீயண்ணை, கிணறு வெட்டுறியளோ?"

"பந்தல் நடப் போறன்."

"அப்ப முந்தி நிண்டது? கலியாணப் பந்தலோ, மூண்டாம் நாள் கழட்ட?"

ஸ்ரீதரன் குனிந்து மண்ணை அள்ளினான். பகிடி விழுந்த இடம் சரியில்லை என்று அருளானந்தனுக்கு விளங்கியது. உள்ளே வந்து குழியைப் பார்த்தான்.

"இது காணாது அண்ணை. மாரியிலை இந்தக் களிமண் உறைஞ்சு ஊதும். ஊதேக்கை முளையையும் மேலை தூக்கும். சித்திரையிலை இளகினாப்பிறகு அது சும்மா சேத்துக்கை நிக்கும். பாத்தா நேராத்தான் நிக்கும், பிடிச்சா வரும். அக்கா பிடிச்சது அந்த நேரம்."

"எவ்வளவு போகவேணும்?"

"உறையாத ஆழத்துக்கு. உங்கடை நெஞ்சுமட்டும் எண்டு வையுங்கோ. அடியை அகலமா விடுங்கோ, மேலை ஒடுக்கமா. மேல் அகண்டால் நிலம் அதிலை பிடிச்சுத் தூக்கிப்போடும்."

பிறகு குரலைத் தணித்தான். "அக்காவுக்குத் தெரியுமோ?"

"வந்து பாக்கட்டும்."

சண்டை முடிந்த செய்தி அவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடைத்தது. யார் சொன்னார்கள் என்று அவன் விசாரிக்கவில்லை. வன்னியில் சண்டைக்குள் இருந்த தம்பி கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தது மாசி மாதம்; பிறகு ஒரு சேதியும் இல்லை. மே மாதம் முழுவதும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், அவன் கதிரையில் இருந்தான். தம்பியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை.

நெஞ்சளவு ஆழத்தில் மண் நீலமாக, ஈரமாக, ஆடியிலும் ஆவணியிலும் சூடறியாத குளிரோடு இருந்தது. கொங்கிரீட்டைக் குழைத்து ஊற்றினான். இறுகுமுன் தூண்களைப் பிடிக்கும் இரும்புக் கவ்விகளை அதில் இறக்கி, மட்டம் பார்த்தான். இறுகியபின் மரத்தூண்களை அவற்றில் நிறுத்தி முடுக்கினான்.

செப்டெம்பர் நடுவில் டாக்சி அவளைக் கொண்டுவந்து இறக்கியது. பிடித்து நடக்கும் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் நேரே தோட்டத்துக்குப் போனாள். கொடி இல்லாத பந்தல். தூண்களின் அடியில் சாம்பல் நிறக் கொங்கிரீட் முகங்கள். ஒரு தூணைப் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை.

"எவ்வளவு ஆழம்?"

"என்ரை நெஞ்சுமட்டும்."

"கழட்டேலாதோ?"

"மரத்தைக் கழட்டலாம். கீழை இருக்கிறது இருக்கும்."

அவள் வாங்கில் இருந்தாள். அவன் நின்றான். அடுக்குமாடிகளின் நிழல் புல்லில் நீண்டு அவள் செருப்பைத் தொட்டது, பிறகு மடியில் ஏறியது.

"குளிருது. உள்ளை வாரும்."

தொடைகளில் கையூன்றி எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடியும் முயன்று வாங்கில் விழுந்தாள். அவன் கையை நீட்டினான்.

"விடுங்கோ."

கைவண்டி எட்டாமல் நின்றது. அதை எடுக்கத் திரும்பினான்.

"அதையும் விடுங்கோ."

அருளானந்தன் வீட்டில் விளக்கு எரிந்தது. யாரோ சட்டி கழுவும் சத்தம் வந்து நின்றது. அவளுடைய உதடுகள் நிறம் மாறியதைப் பார்த்துக்கொண்டே அவன் நின்றான். தொடப் பயமாக இருந்தது.

கடைசியில் அவள் இரண்டு கைகளாலும் தூணைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, தூணின் அடியைப் பார்த்தான். அவளுடைய பாரம் முழுவதும் அதில் ஏறியது. கொங்கிரீட்டைச் சுற்றியிருந்த மண்கூட அசையவில்லை. அவள் எழும்பி நின்றாள். மூச்சு ஆறும்வரை பிடியை விடவில்லை.

"ஒரு ஆணி வேணும்" என்றாள்.

"என்னத்துக்கு?"

"தம்பியின்ரை படத்தைச் சுவரிலை மாட்ட."

அவன் உள்ளே போய்த் தேடினான். படம் மாட்டும் ஆணி அந்த வீட்டில் ஒன்றுகூட இருக்கவில்லை. பந்தலுக்கு வாங்கி மிஞ்சிய நீள ஆணிகள்தான் இருந்தன.