எங்கடை மிஸியின்ரை சோதினை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது நான் மிஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்யும் கிளினிக்கில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் அழுகையும் கூட வந்தது.

நீரிழிவு என்னும் சீனி வருத்தம் உள்ள பலருக்கு இரவில் கால் எரியும். பத்து நிமிடக் காற்பயிற்சி அதைக் குறைக்குமா என்பதுதான் என் தாதியப் பட்டப்படிப்பு ஆய்வு. குறைக்கும் என்று காட்டினால் கிளினிக்கில் எல்லோருக்கும் அதைப் பழக்க விடுவார்கள். முப்பத்தைந்து பேருக்கு மருந்தோடு பயிற்சி, இன்னொரு முப்பத்தைந்து பேருக்கு மருந்து மட்டும். ஆட்கள் குறைந்தால், உண்மையில் இருக்கும் வித்தியாசமும் கண்ணில் படாமல் போய்விடும். அதனால் கணக்குப் பார்த்து, நீர்வேலி, மானிப்பாய் என்று ஸ்கூட்டியில் அலைந்து ஆள் சேர்த்தேன். மூன்று மாதம் கழித்து, எரிவுக்குப் பத்துக்குள் ஓர் இலக்கம் சொல்லச் சொன்னேன்; பத்து என்றால் தாங்க முடியாத எரிவு. இரண்டு பக்கமும் இரண்டு, மூன்று என்றே சொன்னார்கள். வித்தியாசமே இல்லை.

"ஆக்கள் காணாது போல, தர்சிகா. இன்னும் சேர்த்துப் பாருங்கோ," என்றார் என் விரிவுரையாளர் கிறிஸ்ரினா மிஸ்.

இன்னுமா? பற்களைக் கடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். மருந்து மட்டும் எடுக்கும் மைமூனாம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"போன கிழமை இரண்டு எண்டு சொன்னனீங்கள். பிறகேன் உப்பிடி நடக்கிறியள்?"

அவர் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த ஏரம்பு அண்ணையைப் பார்த்தார். நீர்வேலி வாழைத்தோட்டக்காரரான அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அண்ணைதான் சொன்னவர், மிஸி. இது எங்கடை மிஸியின்ரை சோதினை, குறைச்சுச் சொன்னால்தான் பாஸாம். நோகாமல் ஊசி போடுற பிள்ளை பெயிலாகக் கூடாதெண்டு..."

"எல்லாருமோ?"

"ஓம் பிள்ளை, ஒருத்தரும் உன்னை விட்டுக்குடுக்கேல்லை," என்றார் ஏரம்பு அண்ணை பெருமையாக.

பாசத்தாலேயே என்னைக் கவிழ்த்திருக்கிறார்கள்! ஏழாயிரம் பேரைச் சேர்த்திருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்கும். கத்த வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது.

கிறிஸ்ரினா மிஸ்ஸிடம் உள்ளதைச் சொன்னேன். யார் எந்தப் பக்கம் என்று தெரியாத ஒருவர் திரும்பக் கேட்கட்டும் என்றார். புதிதாக மாற்றலாகி வந்த பெர்னடெட் மிஸி ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அவர் பாஸானால் என்ன, பெயிலானால் என்ன என்று யாருக்கும் கவலையில்லை. உண்மை வந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு எரிவு நன்றாகவே குறைந்திருந்தது.

அன்று பின்னேரமே மைமூனாம்மா வீட்டுக்குப் போனேன். நிலத்தில் உட்கார்ந்து, பயிற்சி பழக்க அவர் காலைத் தூக்கி மடியில் வைத்தேன். அவர் கூச்சத்தோடு இழுத்தார். நான் விடவில்லை.

"நான் பாஸ். இனி எனக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. சொல்லுங்கோ, எரிவு எத்தினை?"

காலை இழுப்பதை விட்டார்.

"ஒன்பது, மகள்."