முட்டுக் கொடுக்காத கிரேன்

என் மனைவி கடைசியாக வடிவமைத்த கிரேன் மேசையில் நின்றது. துண்டு துண்டாகப் பொருத்திக் கட்டும் பொம்மை. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பல்சக்கரங்கள் ஓடி, கயிறு ஏறும். பாரம் தூக்கும் கை ஒல்லியாக, கொக்கு கழுத்தை நீட்டியது போல இருக்கும். சோதனை அந்தக் கைக்குத்தான்.

முந்நூறு கிராம் இரும்புக் கட்டியை அது இருநூறு முறை தூக்க வேண்டும். வளையக் கூடாது. தேறினால் அவள் வரைந்தபடியே பிளாஸ்டிக் அச்சு செய்யும் ஆலைக்குப் போகும். தேறாவிட்டால், கைக்கு அடியில் இரண்டு முட்டு வைத்த வரைபடம் போகும். அதை நான்தான் வரைந்து வைத்திருந்தேன். ஐந்து மணிக்குள் இரண்டில் ஒன்றை அனுப்பியாக வேண்டும்.

அவள் இறந்து ஐந்து மாதம். பொம்மையின் தோற்றம் அவள் வேலை, இயக்கம் என் வேலை. எதிரெதிர் மேசை. விற்பனையைப் பார்ப்பவர் அவளுடைய அண்ணன், என் மச்சான்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். நான் கைப்பிடியைச் சுற்றினேன். முடிவில் கையெழுத்திட வேண்டிய சோதனைக்காரர் ஒவ்வொரு தூக்கலுக்கும் தாளில் ஒரு கோடு போட்டார்.

"கடைக் கண்ணாடிக்குள்ள வச்சா இந்தக் கைதான் ஆளை இழுக்கும்" என்றார் மச்சான். "முட்டு வச்சா கக்கத்துல கட்டை வச்சு நிக்கிறவன் மாதிரி இருக்கும், மாப்பிள்ளை. எவன் வாங்குவான்?"

"ஆளை இழுக்கிறது இருக்கட்டும். கட்டியை இழுக்கணுமே" என்றார் சோதனைக்காரர்.

தொண்ணூற்றொன்றாவது தூக்கலில் கையின் மூட்டில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தது. பிளாஸ்டிக் உடைவதற்கு முன் வெளுக்கும். சோதனைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "நிறுத்துங்க" என்றார். "அழகு அழகுன்னு ரொம்பத்தான் இளைக்க வச்சிட்டாங்க."

இதையே நான் இரண்டு வருடம் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறேன்.

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சரி. முட்டு வச்ச படத்தையே அனுப்பிடுங்க."

நான் கயிற்றைப் பார்த்தேன். மேலே போய் நின்ற கட்டி இன்னும் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. அவள் இருந்தபோது அது ஆடியதில்லை.

"மச்சான், தப்பு கையில இல்ல. நான் பல்சக்கரத்தை மாத்தியிருக்கேன்."

"எப்போ?"

"காரியம் எல்லாம் முடிஞ்சு வேலைக்குத் திரும்பின அன்னிக்கு."

"எதுக்கு?"

"ஒரு தடவை தூக்க முப்பது சுத்து சுத்த வேண்டியிருந்தது. பசங்களுக்குப் பொறுமை இருக்காதுன்னு பன்னிரண்டா குறைச்சேன்."

அவர் என்னை எப்போதும் 'நீங்க' என்றுதான் சொல்வார்.

"அவ இருந்தவரைக்கும் வாயால சண்டை போட்ட. கண்ணை மூடினதும் கையை வச்சிட்டியா நீ?"

வேகத்தைக் கூட்டலாம் என்று நான் சொன்னால், கிரேன் என்ன குதிரையா பாய்றதுக்கு என்று அவள் கேட்பாள். சும்மா நிற்க ஒரு பொம்மை எதற்கு, படம் போதுமே என்பேன். மெதுவாகத் தூக்குவதும் அவளுக்கு ஒரு அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அது கணக்கு. மெதுவாகப் போனால் கட்டி குலுங்காது. குலுங்காததால்தான் கை அவ்வளவு ஒல்லியாக இருக்க முடிந்தது. அந்தக் கணக்கில் பாதியை நான் அழித்துவிட்டு, மீதி தப்பு என்று முட்டும் வரைந்திருந்தேன்.

"மாத்தினா திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணும்" என்றார் சோதனைக்காரர். "சுத்துற ஆளும் நடுவுல மாறக் கூடாது. ஆறாயிரம் சுத்து. கை தாங்குமா? கிரேனைக் கேக்கல, உங்களைக் கேக்கறேன்."

கிரேன் கையின் துண்டுகளைக் கழற்றிப் புதியவை போட்டேன். பழைய பல்சக்கரங்களைத் திரும்ப மாட்டினேன். மணி இரண்டே முக்கால்.

ஐம்பது வரை ஒன்றும் தெரியவில்லை. நூறில் மணிக்கட்டு கனத்தது. நூற்றுநாற்பதில் விரல்கள் மரத்துப்போயின. மச்சான் சுவர்க் கடிகாரத்துக்கு அடியிலேயே நின்றார்.

"கொஞ்சம் எட்டிப் போடேன்."

"வேகமா சுத்தினா வளைஞ்சிடும்."

"இப்படியே சுத்தினா அஞ்சு ஆயிடும்."

இரண்டும் உண்மை. நான் ஒரே சீராகச் சுற்றினேன். நூற்று அறுபது. நாலரை. கட்டி குலுங்காமல் ஏறியது, குலுங்காமல் நின்றது.

நூற்று எண்பத்தொன்றில் மூட்டு கிரீச்சிட்டது. சோதனைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். லென்ஸை எடுத்து ஒரு பக்கம் பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கோடு இல்ல. சுத்துங்க."

இரண்டு நிமிடம் போயிருந்தது. வியர்வையில் கைப்பிடி வழுக்கியது. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். நூற்றுத் தொண்ணூறு. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மச்சானின் முகத்தைப் பார்த்தே நேரம் தெரிந்தது.

இருநூறாவது கோட்டைப் போட்டபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம். சோதனைக்காரர் கையெழுத்திட்டார். மச்சான் அவள் வரைபடத்தை அனுப்பினார். போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு முறை பார்த்தார்.

நான் கைப்பிடியை விட முயன்றேன். விரல்கள் பிரியவில்லை. மச்சான் வந்து, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"பொண்டாட்டி பேச்சை இப்பவாவது கேட்டியே" என்றார். பிறகு, "வலிக்குதா?"

"வலிக்குது" என்றேன்.

அவர் விரலை விட்டுவிட்டார். நான் இன்னொரு முறையும் அதையே சொன்னேன்.