சிவப்பு ஸ்டிக்கர்

மருத்துவமனையின் போன்கள் எல்லாம் இணையத்துக்கு மாறிய வாரம், "எங்களுக்குப் புரியற மாதிரி ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றார் பெரிய டாக்டர். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவள், எல்லோருக்கும் 'லைன் அக்கா'. அவளும் பாவம், எழுதிக் கொடுத்தாள். பேச்சு துண்டு துண்டாகப் பாக்கெட்டுகளில் போகும். தாமதமாகச் சேர்ந்தால் லேட்டன்சி, முன்னும் பின்னுமாகச் சேர்ந்தால் ஜிட்டர், சேராமலே போனால் பாக்கெட் லாஸ். நெரிசலில் எந்தப் போனை முதலில் விடுவது என்பது முன்னுரிமை.

இவ்வளவு அறிவை அந்தக் கட்டடம் தாங்குமா? துணை டாக்டர் பத்தரை மணிக்கு வந்து "லேட்டன்சி" என்றார். ஸ்டோர் அதிகாரி, காணாமல் போன கையுறைப் பெட்டிக்கு நேராக 'பாக்கெட் லாஸ்' என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டார். முன்னுரிமையை மட்டும் ஒருவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய டாக்டர் உட்பட ஆறு துறைத் தலைவர்களும் எனக்குத்தான் முதலிடம் என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவள் கேட்டது அவசரப் பிரிவுக்கு மட்டும். முந்தின வாரம் அங்கே வந்த ஓர் அழைப்பில் வீட்டு எண் சிதறிப்போய், ஆம்புலன்ஸ் ஒரே தெருவை ஒன்பது நிமிடம் சுற்றியது. அந்த மனிதர் பிழைத்தது அவர் செய்த புண்ணியம்.

"அங்க போன் எடுக்கறது ஒரு நர்ஸ்தானேம்மா," என்றார் பெரிய டாக்டர். "முதல்ல தலைவர்களுக்குக் குடுங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'முதல் முன்னுரிமை' என்று சிவப்பு ஸ்டிக்கர் அச்சடித்து ஆறு போன்களிலும் ஒட்டினாள். கணினியில் முதலிடத்தை அவசரப் பிரிவுக்கு மட்டும் கொடுத்தாள். மறுநாளே ஆறு பேரும், குரல் இப்போதுதான் கணீரென்று கேட்கிறது என்று பாராட்டினார்கள். ஸ்டிக்கர் நல்ல கம்பெனி போலிருக்கிறது.

இரண்டு வாரம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு ஒருநாள் அவசரப் பிரிவுக்குச் சுற்றிப்பார்க்கப் போன பெரிய டாக்டர், அங்கிருந்த போனில் பேசி, அதன் தெளிவைக் கேட்டுவிட்டார். மறுநாள் காலை தலைமை நர்ஸ் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அக்கா, எங்க போனைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. பெரிய டாக்டரோட போனை இங்க வச்சிருக்காங்க."

லைன் அக்கா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவசரப் பிரிவின் எண்ணையும் முன்னுரிமையையும் போன் கருவியோடு கட்டினோமா, சுவர் சாக்கெட்டோடு கட்டினோமா? பதற்றத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. படிகளில் இறங்கி ஓடினாள்.

இருவரும் அவசரப் பிரிவுக்குள் நுழையவும் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் போன் அடித்தது. நர்ஸ் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கப்பா மயங்கி விழுந்துட்டார். பதினேழு பை நாலு, மாடி, பச்சை கேட்டு."

ஒரு எழுத்துகூட உதிரவில்லை. நர்ஸ் திருப்பிக் கேட்காமலே எழுதிக்கொண்டாள்.

லைன் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. நாற்காலி நன்றாக இருந்தால் நாற்காலியையே தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள் இவர்கள் என்று, அன்றைக்கே எல்லாவற்றையும் சுவர் சாக்கெட்டோடு கட்டியிருந்தாள்.

அவள் செல்போன் அடித்தது. பெரிய டாக்டர், அவசரப் பிரிவிலிருந்து கழற்றிப்போன கருவியிலிருந்து.

"பாத்... களா மேடம்... கருவி... தான்... ஷயமே... இப்ப எப்... கேக்குது?"

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டிவிட்டிருந்தது.

"ரொம்பத் தெளிவா கேக்குது சார்," என்றாள்.