பூச்சியம் போட்ட கட்டம்

எனக்கு முன்கோபம். நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெருகலுக்கு வடக்கே ஒரு கடற்கரையில் அணு உலை கட்டலாமா என்று ஆராயும் கம்பனியில் எனக்கு வேலை. உலை பழுதானால் கதிர்வீச்சு எத்தனை பேரைத் தாக்கும் என்று கணக்கிடும் மென்பொருளுக்குத் தரவு கொடுப்பவள் நான். உலையைச் சுற்றி நூற்றறுபது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். அந்தந்தக் கிராம சேவகர்களின் பட்டியல்களைப் பார்த்து எழுதினேன். கரையோரக் கட்டம் ஒன்றுக்குப் பூச்சியம். முடிவு, உலை கட்ட அனுமதி கிடைக்கும் எல்லைக்குள் வந்தது. எங்கள் பிரிவின் தலைவர் ஜெயக்காந்தன் சேர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தந்தார்.

அன்று பின்னேரம் தம்பி முனாஸ் போன் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் இருப்பதே அந்தக் கட்டத்தில்தான். வருடத்தில் ஆறு மாதம் கிண்ணியாக்காரர் குடும்பத்தோடு போய், கொட்டில் கட்டி, மீன்பிடிக்கும் வாடி அது. பட்டியலில் பெயர் வெட்டுப்பட்டால் நிவாரணம் நின்றுவிடும் என்று, கிண்ணியாவில் கிராம சேவகர் வந்தால் எல்லா வீட்டிலும் "அவங்க இங்கதான்" என்போம். முனாஸுக்காக அப்படிச் சொன்னவளே நான்தான். சீ, என்ன மடைச்சி நான்.

வெள்ளிக்கிழமை வாடிக்குப் போனேன். ஜும்ஆ நாள் என்பதால் யாரும் கடலுக்குப் போகவில்லை, தோணிகள் கரையில் கிடந்தன. கொட்டில் கொட்டிலாகப் போய்ப் பெயர்களை எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

"எழுதாதீங்க ராத்தா," என்றான் முனாஸ். "காணி எங்கட பேர்ல இல்ல. கடுதாசில ஏறினா வாடிய உடைச்சிடுவானுகள்."

"கணக்கில இல்லாட்டி, உலை பழுதானா உங்கள ஏத்த ஒரு பஸ்ஸும் வராது. விளங்குதா?"

"அது எப்பவோ. வாடி இண்டைக்கு."

"விசர்க் கதை கதைக்காத," என்று ஏசிவிட்டு எழும்பினேன். அவன் மனைவி பஸ்மியா, மூன்று மாதக் கைக்குழந்தை சப்ரினாவைத் தோளில் போட்டபடி, கருவாட்டுப் பார்சல் ஒன்றை என் கையில் திணித்தாள்.

திங்கட்கிழமை பூச்சியத்தை அழித்துவிட்டு 212 போட்டேன். முடிவு எல்லையைத் தாண்டியது. எனக்குச் சந்தோசம். இனி வேறு இடம்தான் பார்ப்பார்கள் என்று நம்பினேன்.

ஜெயக்காந்தன் சேர் என் பட்டியலைக் கவனமாக வாசித்தார். "நல்ல காலம் இப்பவே கண்டுபிடிச்சிட்டீங்கள், ஷிஃபானா." பிறகு அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: வேலை தொடங்குமுன் அந்தக் கட்டத்தில் உள்ளவர்களை அகற்ற வேண்டும். "இனிப் பூச்சியம் போட்டுக் கணக்கைத் திரும்ப ஓட்டுங்கோ."

"ஏலாது சேர்."

அவர் கோபிக்கவில்லை. தானே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஓட்டினார். நாலு நிமிசம். முடிவு எல்லைக்குள்.

அடுத்த மாதம் வாடியை விட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது. என் பட்டியலில் இருந்த பெயர்களை அப்படியே பார்த்து அடித்திருந்தார்கள். முனாஸ் அதை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்கு, என் வீட்டுக்கு வந்தான். ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏசியிருப்பேன்.

கடைசிப் பெயரில் விரலை வைத்துக் காட்டினான்.

"எங்கட சப்ரினாட பேர் இன்னும் கிராம சேவகர்ட லிஸ்ட்லயே ஏறல்ல, ராத்தா. இதுலதான் முதல் முதல் ஏறியிருக்கு."