தாதாராவ் பெயரில் ஓடிய ஜாப்

நூக்கரத்தினம் தன் குரலைத் தானே வெறுத்தது அன்று மத்தியானம்தான். போனில் அண்ணன் மனைவி போலம்மா பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஜாலாரிப்பேட்டைக் கரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் ரத்தினத்தின் குரலே தேனாய் ஒழுகிக்கொண்டிருந்தது. "கடல் அமைதியா இருக்கு. காத்து கம்மி. வலை எடுத்துக்கிட்டுப் போகலாம், அண்ணன்மாரே."

அது நேற்றைய செய்தி. இன்றைக்குப் பொழுது சாயும்போது கரையோரமாக ஒரு சூறைக்காற்று அடித்துக்கொண்டு போகும் என்று கணக்கு சொல்லிவிட்டது. அந்தக் கணக்கு ரத்தினத்தின் கணினித் திரையில் இருக்கிறது. கரைக்குத்தான் போய்ச் சேரவில்லை. அந்தி வலைக்குக் கிளம்பும் படகுகளில் அண்ணன் மசேனுவின் படகும் ஒன்று.

அவள் வேலை பார்த்தது ருஷிகொண்டா மேட்டில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்தில். மிதவைகளும் செயற்கைக்கோள்களும் அனுப்புகிற அளவுகளைக் கிளவுடில் கொட்டி வைத்திருப்பார்கள். ஒரு ஜாப், அதாவது மனிதக் கை படாமல் வேளாவேளைக்குத் தானே ஓடுகிற நிரல், அதையெல்லாம் படித்துக் கடலின் அன்றைய குணத்தைக் கணக்கிட்டு ஸ்டோரேஜில் எழுதும். கரையோர ஊர்களின் ஒலிபெருக்கிகள் அதை எடுத்து, ரத்தினம் பதிந்து கொடுத்திருந்த சொற்களைக் கோத்துப் பேசும். புதிய செய்தி வராவிட்டால் பழையதையே பேசும். பெட்டி ஊமையானால் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்று அப்படி அமைத்தவன் அவளோடு வேலை பார்த்த தாதாராவ். அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

இன்றைக்கு ஜாப் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கணக்கிட்டுவிட்டு, கடைசியில் எழுதப் போன இடத்தில் அடி வாங்கித் திரும்பியது. எழுத அனுமதி இல்லையாம்.

"வதினா, அண்ணனைப் போக விடாதே. காத்து வருது," என்றாள் ரத்தினம்.

"ஏம்மா, மைக்குல நீயே போகலாம்ங்கிற. போன்ல நீயே போகாதேங்கிற. நான் எந்த ரத்தினத்தைக் கேக்குறது?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். போன வருஷம் பாதிக் கணக்கைப் பார்த்துப் பயந்துபோய், இவள் போன் பண்ணிப் பேட்டை முழுவதையும் கரையில் உட்கார வைத்தாள். கடல் பால் மாதிரி கிடந்தது. பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் வலை கிழிய வஞ்சிரத்தோடு வந்து இறங்கினார்கள். அந்த அவமானத்தில் ரத்தினமே கரைக்குப் போய் நின்று, இனிமேல் நான் போனில் சொன்னாலும் கேட்காதீர்கள், மைக் சொன்னால் மட்டும் கேளுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள். சொன்னதைச் சொன்னபடி பிடித்துக்கொள்வதில் அவள் அண்ணனுக்கு நிகர் கிடையாது. கடலுக்குக் கிளம்பும்போது போனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறவன் வேறு.

கரைக்கு ஓடிப் போய் அண்ணனைக் கூப்பிடு என்று ரத்தினம் கெஞ்சினாள். போலம்மா அதிர்ந்துபோனாள். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால், அவன் கரையேறி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அன்றைய மீன் அவனுக்கில்லை. கூப்பிட்டவளைப் பேட்டை ஜென்மத்துக்கும் மன்னிக்காது. "கரைக்கு வேணா போறேன், கூப்பிட மாட்டேன்," என்று சொல்லிவிட்டாள் அவள். அலுவலகத்தில் வேறொருத்தி மீன்வளத்துறைக்குப் பேசிப் பார்த்தாள். ஒலிபெருக்கியை நிறுத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. அன்றைக்கு இந்த உலகத்தில் யாருக்குமே எதற்குமே அனுமதி இல்லை.

அனுமதிப் பிழை வந்தால் இந்தத் தொழில்காரர்கள் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. யாருக்கு இல்லை என்று பார்க்காமல் எல்லாருக்கும் வாரிக் கொடுப்பார்கள். ரத்தினமும் அதைத்தான் செய்தாள். செய்தி விழும் கோப்புறைக்கு எழுதும் அனுமதியைத் திறந்தாள். ஜாப்பை ஓட விட்டாள். அது முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்து, சாவகாசமாகக் கணக்குப் போட்டு, வாசல்வரை போய்த் துரத்தப்பட்டுத் திரும்பியது. மொத்த ஸ்டோரேஜுக்கும் திறந்தாள். மறுபடி ஓடியது, மறுபடி துரத்தல். அவளே கையால் ஒரு கோப்பை எழுதிப் பார்த்தாள். சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. ஆனால் கையால் வைக்கிற கோப்பை ஒலிபெருக்கிப் பெட்டி தொடாது. எவனோ ஒருமுறை சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டதிலிருந்து, ஜாப்பின் முத்திரை இல்லாத எதையும் தொடாதபடி செய்து வைத்திருந்தார்கள்.

"நான் எழுதினா எழுதுது. ஜாப் எழுதினா துரத்துது," என்று வாய்விட்டே சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி படுத்திருந்தது. வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அண்ணனைத் தன் குரலே கூப்பிட்டுக் கொண்டுபோய்க் கொல்லப் போகிறது என்ற நினைப்பை அவளால் தள்ளிவைக்க முடியவில்லை.

அப்போதுதான், இத்தனை நேரமும் முதல் வரியோடு விட்டுவிட்ட பிழைச் செய்தியைக் கடைசிவரை படித்தாள். எழுத வந்தவர் யார் என்று அதில் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாய் ஓர் எண் மட்டும் நின்றது. மூடிவிட்ட அக்கவுண்டுக்கு அப்படித்தான் ஆகும். ஆள் போய்விடுவான், எண் நிற்கும்.

நேற்று மாலைதான் தாதாராவை வழியனுப்பினார்கள். டொராண்டோவில் வேலை. சால்வை போர்த்தி, மாடுகுல ஹல்வா கொடுத்து, எல்லாரும் சேர்ந்து படம் பிடித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டாயா என்று ரத்தினம் கேட்டாள். எல்லாம் ஆச்சு என்றான். ஹல்வா நெய் ஒட்டிய விரலாலேயே அவனுடைய அக்கவுண்டை மூடியவள் அவள்தான்.

ஜாப்புக்கென்று தனி அக்கவுண்ட் வாங்கி, அதன் பெயரில் ஓட்ட வேண்டும் என்பது முறை. அதற்கு ஹைதராபாத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்குள் தாடி முளைத்துவிடும். எனவே எல்லாரும் செய்கிறபடி தாதாராவ் தன் பெயரிலேயே ஓட விட்டு, பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பும் போட்டிருந்தான். இந்தத் தொழிலில் தற்காலிகத்தைப் போல நிரந்தரமானது வேறெதுவும் கிடையாது. இப்போது அவன் ஏதோ ஒரு சமுத்திரத்துக்கு மேலே விமானத்தில் தூங்கிக்கொண்டிருப்பான்.

மேலாளர் வேணுமாதவிடம் ஓடினாள். அவர் முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, விதிக்குப் பயந்த மனிதர்.

"ஜாப்புக்குத் தனி அக்கவுண்ட் வேணும்னு ஹைதராபாத்துக்கு எழுது. நாளைக்குள்ள குடுத்துடுவாங்க."

"நாளைக்கு அது யாருக்கு வேணும், வேணு காரு? என் பேர்ல மாத்தி ஓட்டிடறேன்."

சொந்தப் பெயரில் ஜாப் ஓட்டுகிறவரின் அக்கவுண்ட் மூடப்படும், ஆளும் வெளியே என்று புது விதி வந்திருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், தாதாராவ் உட்பட. வேணுமாதவ் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நான் டீ குடிக்கப் போறேன். வரும்போது நீ ஹைதராபாத்துக்கு எழுதி முடிச்சிருக்கணும். நான் வேற எதையும் பாக்கல."

இந்த ஜாப் யார் பெயரில் ஓட வேண்டும் என்று இயந்திரம் கேட்டது. ரத்தினம் தன் பெயரை அடித்தாள். ஜாலாரிப்பேட்டையிலிருந்து இந்த நாற்காலிக்கு வந்து சேர அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதை நினைத்தால் கை நின்றுவிடும் என்று நினைக்காமலே பொத்தானை அமுக்கினாள்.

ஜாப் மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தது. கரைக்குப் போய்விட்ட போலம்மாவைக் கூப்பிட்டு, போனை வைக்க வேண்டாம் என்றாள். படகுகளைத் தள்ளும் சத்தம் கேட்டது. மோட்டார்கள் உறுமின. தன் குரல் மறுபடியும் "போகலாம், அண்ணன்மாரே" என்றது. ரத்தினம் காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தாள், பொத்தினால் போலம்மா பேசுவது கேட்காது. நூக்காலம்மா தாயே, இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் என்று முணுமுணுத்தாள்.

"உங்க அண்ணன் படகு அலையைத் தாண்டிடுச்சு ரத்தினம்," என்றாள் போலம்மா.

திரையில் கணக்கு முடிந்து, எழுதும் இடத்துக்கு வந்து நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு, துரத்தப்படாமல், உள்ளே போனது.

போனில் ஒலிபெருக்கி பாதியில் நின்றது. அப்புறம் அவளுடைய அதே குரல் வேறு சொற்களோடு வந்தது. "கடல் சரியில்ல. பெருங்காத்து வருது. யாரும் போகாதீங்க. போனவங்க திரும்பிடுங்க."

ஒலிபெருக்கி ஊரைப் பார்த்துக் கட்டியது, அலையைத் தாண்டிப் போகிறவனுக்கு அது கேட்காது என்று போலம்மாவுக்குத் தெரியும். போன் மணலில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்கு மேலே, கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத பெயரைப் போலம்மா தொண்டை கிழியக் கத்துவது கேட்டது.

"மசேனு! ஏய், மசேனு!"

அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் ஆளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ரத்தினம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மணலையும் அலையையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஆனது போலிருந்தது. பிறகு ஒரு மோட்டார் சத்தம் தேய்வதற்குப் பதிலாக வளர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னும் சில.

"எவடி அவ, பின்னாலேருந்து கூப்பிட்டது?" என்று மசேனு கோபமாகக் கேட்டபடி கரையேறினான். ரத்தினம் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

விளக்கு வைப்பதற்குள் காற்று வந்தது. கரையில் ஏற்றியிருந்த படகுகளையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. மறுநாள் காலையில் ஹைதராபாத்திலிருந்து யாரும் திட்டவில்லை. ரத்தினத்தின் அக்கவுண்டை மட்டும் சத்தமில்லாமல் மூடினார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு நேராகக் கரைக்கு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடல் பால் மாதிரி கிடந்தது. ஒலிபெருக்கி அவளுடைய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது: "கடல் சரியில்ல. யாரும் போகாதீங்க." பேட்டை ஆண்கள் மணலில் உட்கார்ந்து அவளைத் திட்டித் தீர்த்தார்கள். மைக் சொல்லாமல் போவதில்லை என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டவர்களாயிற்றே. "உன் வாயை நீயே போய் மூடித் தொலைடி," என்றான் மசேனு, வலையைப் பிரித்தபடி. அவன் திட்டத் திட்ட அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

வேணுமாதவ் போன் பண்ணினார். குரலில் உயிரே இல்லை.

"ரத்தினம், ஜாப் எழுத மாட்டேங்குது. பர்மிஷன் இல்லையாம். காலையிலேருந்து எல்லாருக்கும் பர்மிஷன் குடுத்துப் பாத்துட்டோம்."

"பிழையைக் கடைசிவரைக்கும் படிங்க, வேணு காரு. எழுத வந்தது யாருன்னு இருக்கும். பேர் இருக்காது, ஒரு நம்பர் இருக்கும்." அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது நான்தான்."