விசிறிக்கு விழாத பொட்டு

தொக்மோக் ஊர்க் கம்பளி ஆலையில், மயிர் பிரிக்கும் கொட்டகையில் குல்பாராவுக்குப் பதினோரு வருட வேலை. ஆட்டுமயிர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கம்பிவலை மேசையில் கொட்டி உதற வேண்டும். மெல்லிய மயிர் ஒரு பக்கம், முரட்டு மயிர் ஒரு பக்கம். உதற உதறப் புழுக்கைத் தூளும் மண்ணும் எழும்பும். மத்தியானத்துக்குள் எதிர் மேசைக்காரி முகம் மங்கிவிடும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

கூரையில் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற விசிறி ஒன்று இருந்தால் போதும். பெண்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனார்கள். இந்த வருடம்தான் ஒரு வழி பிறந்தது. கம்பளி வாங்குகிற வெளிநாட்டுக்காரன், தொழிலாளிகளுக்கு என்ன செய்தாய், மண்ணுக்கு என்ன செய்தாய், எழுதிக் காட்டு என்று கேட்டுவிட்டான். முதலாளி தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கல்லூரிக்குச் சொல்லி அனுப்பினார். மண்ணையும் மனிதரையும் கெடுக்காமல் வியாபாரம் செய்வது எப்படி என்று மேல்படிப்புப் படிக்கிற பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். இந்த அறிக்கையை எழுதுவதுதான் அவர்களுக்குப் பரீட்சை. தொழிலாளிகள் ஓட்டுப் போட்டு எந்த ஒன்றைக் கேட்கிறார்களோ, அதை முதலாளி செய்து கொடுப்பதாகப் பேச்சு.

அந்தப் பிள்ளைகளுக்குத் தலைவியாக வந்தவள் மீரிம். வயது இருபத்தைந்து இருக்கும். நாற்காலி கொண்டுவரப் போனவர்களைத் தடுத்து, கம்பளி மூட்டை மேலேயே உட்கார்ந்தாள். பக்கத்து மேசை ரோசா நீட்டிய உப்புத் தயிர் உருண்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டாள்.

"நீ எந்த ஊரும்மா?" என்றாள் குல்பாரா.

"நாரின் பக்கம், அக்கா. எங்கப்பா ஆடு மேய்ச்சவர்தான். இந்த வாசனையிலதான் வளர்ந்தேன்."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. குல்பாரா எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு முட்டி வேலையை விட்ட ஆறு பெண்களின் பேரைச் சொன்னாள். எனக்கும் படுத்தால் மூச்சு நிற்கிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறேன் என்றாள்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா வேலைய விடும்பாரு. அதனால போகல."

மீரிம் எழுதிக்கொண்டாள். "உங்க பேரு வராது அக்கா. கேட்டுல வெள்ளைத் தொப்பி போட்டு ஒரு பெரியவர் இருக்காரே, அவர் யாரு?"

ரோசா சிரித்தாள். "இவ மாமனாரு, காவல்காரர் தொக்தோசுன். அவர் பேர இவ வாயில வரவழைச்சிட்டா உனக்கு ஒரு ஆடே தர்றேன். வீட்ல இருமக்கூட மாட்டா, தலகாணியில வாய வெச்சு அமுக்கிக்குவா. மாமனார் முன்னால மருமக சத்தம் வரக்கூடாதாம்."

"எங்க பக்கமும் அப்படித்தான்" என்று மீரிமும் சிரித்தாள். அதையும் எழுதிக்கொண்டாள்.

"ஓட்டு எப்படிம்மா போடணும்?" என்றாள் குல்பாரா.

"மூடின பெட்டி அக்கா. ஆறு விஷயத்துக்கு ஆறு வாய் இருக்கும். ஆளுக்கு ஒரு காகிதப் பொட்டு. நீங்க பாட்டுக்கு உள்ள போட்டுட்டு வரலாம், யாருக்கும் தெரியாது."

அன்று வீட்டுக்குப் போகும்போது குல்பாராவுக்கு நடை லேசாக இருந்தது.

ஓட்டு நாளில் சாப்பாட்டுக் கூடத்தில் அறுபத்து மூன்று பேரும் கூடினார்கள். பெட்டியைக் காணோம். சுவரில் ஒரு பலகை, அதில் ஆறு அட்டை. மரம் நடுவது, தூசி விசிறி, சாப்பாட்டுக் கூடம், வேலைக்கு வந்துபோக வண்டி, தண்ணீர் மிச்சம், பிள்ளைகள் படிப்பு. கையில் ஆளுக்கு ஒரு சிவப்புக் காகிதப் பொட்டு.

மீரிம் நேராகத் தொக்தோசுன் முன்னால் போய்க் குனிந்து, புது வெள்ளைத் தொப்பி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஐயா, மூத்தவர் நீங்க இருக்கும்போது சின்னவங்க தொடங்கலாமா? நீங்க முதல்ல ஒட்டணும்."

கிழவருக்கு முகம் மலர்ந்தது. ஆலையில் இத்தனை வருடத்தில் யாரும் அவரை முதலில் கூப்பிட்டதில்லை. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மீரிம் படித்துக் காட்டினாள், மரத்தை முதலில்.

"மரம்" என்றார் அவர். "கேட்டுல ஒரு நிழல் கிடையாது. வெயில்ல மண்டை காயுது."

ஒட்டினார். திரும்பி நின்று இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி, எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கூடவே முகத்தைத் தடவினார்கள். மூத்தவர் வாழ்த்தி முடித்துவிட்டால் அவர் சொன்னதற்கு மாறாக யாரும் கை நீட்டுவதில்லை. மீரிமுக்கு அது தெரியும்.

ஆண்கள் போனார்கள். மரம். மரம். மரம். பிறகு பெண்கள் வரிசை.

குல்பாரா முறை வந்தது. மாமனாருக்கு முதுகு காட்டக்கூடாதென்று பக்கவாட்டில் நடந்தே பலகைக்குப் போனாள். மரம் நடும் அட்டையில் சிவப்பு மொய்த்திருந்தது. விசிறி அட்டை வெறிச்சென்று இருந்தது. அதில் ஒரு பொட்டு விழுந்தால் அது யாருடையது என்று கூடத்துக்கே தெரியும். மீரிமோடு வந்தவன் ஒருத்தன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். கிழவர் புதுத் தொப்பியோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குல்பாராவின் கை விசிறி அட்டை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மரத்தில் ஒட்டியது.

பின்னால் வந்த ரோசாவும் மரத்தில் ஒட்டினாள். வெளியே வந்ததும் சொன்னாள், "நீ ஒட்டுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்டி. நீ ஒட்டியிருந்தா நானும் ஒட்டியிருப்பேன். பின்னால ஒன்பது பேரு சொல்லி வெச்சிருந்தோம்."

குல்பாரா, முற்றத்தில் நின்ற மீரிமின் கார் கண்ணாடி வழியே பின்சீட்டைப் பார்த்தாள். ஆறு வாய் வைத்த பெட்டி அங்கே இருந்தது. மூடியைக் கழற்றி, ஆலையில் கொடுத்த ஆப்பிளை அதில் நிரப்பியிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து மேலாளர் மீரிமின் அறிக்கையை வாசித்தார். மரத்துக்கு அறுபத்து மூன்று. தூசிக்கு ஒன்றுமில்லை. தொழிலாளிகள் தூசியை ஒரு குறையாக நினைக்கவில்லை என்று தெரிகிறது, ஆகவே அது கணக்கில் சேராது. கடைசிப் பக்கத்தில் பேர் போடாமல் ஒரு பெண் சொன்னதாக நாலு வரி இருந்தது. படுத்தால் மூச்சு நிற்கிறது, உட்கார்ந்துதான் தூங்குகிறேன். அப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றுவது ஆலையின் கடமை என்பதால், எல்லாருக்கும் மூச்சுச் சோதனை செய்து, தேறாதவர்களைத் தூசியிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று அறிக்கை சொன்னது.

நர்ஸ் முள் வைத்த ஊதுகுழாயோடு வந்தாள்.

"ஊதுங்க. இன்னும் ஊதுங்க. அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். முள் கொஞ்சம் நடுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. குல்பாராவோடு சேர்த்து எட்டுப் பேர் தேறவில்லை. ரோசா தேறினாள்.

அன்றைக்கே முற்றத்தில் மீரிமைப் பிடித்தாள் குல்பாரா.

"தங்கச்சி, பெட்டின்னு சொன்னியே."

"மறந்துட்டு வந்துட்டேன் அக்கா."

"அதுல ஆப்பிள் இருந்துச்சே."

மீரிம் கண்ணைத் தாழ்த்தவில்லை. "உங்க கையைப் பிடிச்சு யாராவது ஒட்டினாங்களா? போட்டோ இருக்கு அக்கா. நீங்கதான் ஒட்டுறீங்க." பிறகு குரலைக் குறைத்தாள். "விசிறி வெக்கணும்னா கூரையப் பிரிக்கணும். இருபது நாள் ஆலை நிக்கும். அறிக்கை நல்லபடியா முடிஞ்சா எனக்கு இங்கயே வேலைன்னு சொல்லியிருக்காங்க. திரும்பி ஆட்டுக்குப் பின்னால போக என்னால முடியாது. நீங்களே சொல்லுங்க, என் இடத்துல நீங்க இருந்தா?"

குல்பாரா வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. அது நிற்பதற்குள் மீரிம் போய்விட்டாள்.

மாதக் கடைசியில் எட்டுப் பேரும் வேலை போய் வெளியேறினார்கள். கேட்டில் அடையாள அட்டையைத் திரும்ப வாங்குவது காவல்காரர் வேலை. கிழவர் ஏழு பேருடையதையும் வாங்கிவிட்டு மருமகளுக்குக் கை நீட்டினார்.

"உனக்கு மூச்சுல இவ்வளவு கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லலியேம்மா."

அவள் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அட்டையைக் கொடுத்தாள்.

வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பாப்லர் மரக் கன்றுகள் வரிசையாக நட்டிருந்தார்கள். மீரிம் புதுக் கோட்டில் அங்கே நின்றாள். கல்லூரியில் அவள் அறிக்கைக்கு முதல் பரிசு கிடைத்திருந்தது. அதை அச்சுப் போடுகிறார்களாம், முகப்புக்கு ஒரு படம் வேண்டுமாம்.

"அக்கா, ஒரு நிமிஷம். கன்னுக்குத் தண்ணி ஊத்துற மாதிரி நில்லுங்க. நீங்க ஓட்டுப் போட்ட மரம்தானே."

குல்பாரா நகரப் பார்த்தாள்.

"நில்லும்மா. விருந்தாளி கேக்கிறா" என்றார் மாமனார். பூவாளியை அவரே எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

நின்றாள். பூவாளியைச் சாய்த்தாள். தண்ணீர் கொட்டியது. நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் ஏறி வந்தது.

"அசையாதீங்க அக்கா, படம் கலைஞ்சிடும். கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்றாள் மீரிம்.

குல்பாரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் மாமனார் நின்றிருந்தார். மீரிமுக்கு முதல் படம் சரியாக வரவில்லை. இன்னொன்று எடுத்தாள்.